இராசகாரிய ஒழிப்பும் ஊர்க் குளங்களும்

அரசாங்கக் கட்டளை ஒன்று ஒரு நாளில் எழுதப்பட்டு, ஒரு நாளில் ஒப்பம் பெற்று, ஒரு நாளில் நாடெங்கும் அறிவிக்கப்பட்டுவிடும். ஆனால், அதன் பயன் இன்னதென்றோ அதன் கேடு இன்னதென்றோ துணிந்து கூறுவதற்கு இரண்டு மூன்று தலைமுறைகள் கழிய வேண்டியிருக்கும். கட்டளையை ஆக்கினோர் அப்பொழுது இருக்கமாட்டார். அதனால் நலம் பெற்றோரும் இடர்ப்பட்டோரும் தமக்கு நேர்ந்ததன் காரணம் யாதென அறியாதவராய் வாழ்ந்து மறைந்திருப்பர். ஆகையால், ஆட்சிச் சீர்திருத்தம் ஒன்றை மதிப்பிட விரும்புவோர், அது பிறந்த ஆண்டை மட்டும் பார்த்தல் போதாது. அது நடந்து சென்ற வழி முழுவதையும் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு நோக்குதற்கு ஏற்ற சீர்திருத்தம் ஒன்று இலங்கை வரலாற்றில் உண்டு. 1832 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 12 ஆம் நாள் இலண்டனில் பிறப்பிக்கப்பட்ட அரச கட்டளை ஒன்று, இந்நாட்டில் நெடுங்காலம் நிலவிய இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. மனிதனை மனிதன் கட்டாயப்படுத்தி வேலை வாங்குதலைத் தடுத்த அக்கட்டளை நல்ல கட்டளையே என்பதில் ஐயமில்லை. எனினும், அது செய்த நன்மையோடு, அதனை ஆக்கினோர் கனவிலும் கருதாத ஒரு விளைவும் பின்தொடர்ந்தது. அவ்விளைவின் நிழல் இன்றுங்கூட வறண்ட பிரதேசத்து வயல்களின்மேற் படிந்திருக்கின்றது.

இராசகாரியம் என்பது யாது? அரசனுக்கு ஆற்றும் காரியம் என்பதே அச்சொல்லின் பொருள். கண்டி இராச்சியத்தில் நிலம் வைத்திருந்தவன் அந்நிலத்துக்காகப் பணமாக வரி செலுத்தியது குறைவு. தன் உடலுழைப்பையே வரியாகச் செலுத்தினான். ஒருவன் பாரஞ் சுமப்பான். ஒருவன் யானை பிடிப்பான். ஒருவன் இரும்பு வேலை செய்வான். ஒருவன் கோயிலில் முரசு அறைவான். எந்நிலத்தை யார் உழுதாரோ, அந்நிலத்தோடு ஒட்டிய கடமையும் அவரைச் சேர்ந்தது. கடமை பெரும்பாலும் சாதியைப் பற்றி நின்றது. கரையோரப் பகுதிகளில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இம்முறையைத் தம் நலத்துக்காகப் பயன்படுத்தினர். கறுவாப்பட்டை உரித்தலும் அவ்வகை ஊழியமாகவே பெறப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்தில் ஊழியம் என்னும் பெயராலேயே கட்டாய வேலை வாங்கப்பட்டது.

பிரித்தானியர் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னும் ஊழியம் நீங்கவில்லை. 1815 இல் கண்டி இராச்சியம் அவர் வசமாயிற்று. 1817 இலும் 1818 இலும் எழுந்த பெருங் கிளர்ச்சியை அடக்கிய பின்னர், மலைநாட்டைக் கைக்குள் வைத்திருக்க வேண்டுமாயின் பெருந்தெருக்கள் வேண்டும் எனக் கண்டனர். தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு அமைத்தபொழுது, மலையை வெட்டியதும் கல்லைச் சுமந்ததும் இராசகாரியத்தினால் வந்த கைகளே. அரசன் இருந்த காலத்தில் ஊழியத்துக்கு வழக்கம் என்னும் எல்லையாவது இருந்தது. புதிய ஆட்சியில் அவ்வெல்லையும் தளர்ந்தது. தன் ஊரை விட்டு, தன் வயலின் பருவத்தையும் விட்டு, தொலைதூரஞ் சென்று கூலியின்றி உழைக்க வேண்டியவனாயினான் குடியானவன். தலைமைக்காரர் தம் சொந்த வேலைக்கும் அவனைப் பயன்படுத்துவது சாதாரணமாயிற்று.

இந்நிலையில்தான் கோல்புறூக் என்பாரைத் தலைமையாகக் கொண்ட ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அவர் வந்தது 1829 இல். சட்ட அறிஞராகிய கமறன் அவரோடு சேர்ந்துகொண்டது 1830 இல். இலங்கை அரசாங்கத்தின் செலவு வரவுக்கு மிஞ்சியிருந்தமையே இவ்விசாரணைக்கு முதற் காரணம். எனினும், ஆணைக்குழுவினர் கணக்குப் பார்ப்பதோடு நின்றாரல்லர். தனியார் முயற்சியும் தடையற்ற வணிகமும் சட்டத்தின்முன் சமநிலையும் நாட்டை உயர்த்தும் என்பது அக்காலத்துப் பிரித்தானியச் சீர்திருத்தவாதிகளின் கொள்கை. அக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு அவர்கள் இலங்கையின் ஆட்சி முழுவதையும் அளந்தனர்.

அவர்களுடைய அறிக்கைகளின் பயனாக விளைந்த மாற்றங்கள் பல. கண்டிப் பகுதிக்கும் கரையோரப் பகுதிக்கும் தனித்தனியே இருந்த ஆட்சிமுறை நீங்கி, நாடு முழுவதும் 1833 இல் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. சட்டநிரூபண சபையும் நிர்வாக சபையும் தோன்றின. நீதிமன்றங்கள் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. அரசாங்கத்தின் கறுவா ஏகபோகம் ஒழிந்தது. இவை எல்லாவற்றிலும் பொதுமக்களின் நாளாந்த வாழ்வை நேரே தொட்டது இராசகாரிய ஒழிப்பேயாகும். தேசாதிபதி பான்ஸ் போன்றோர் அதனை எதிர்த்தனர். கட்டாயம் இல்லையேல் இந்நாட்டில் எவ்வேலையும் நடவாது என்பது அவர் கருத்து. ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. சாதியோடு பிணைந்த ஊழியத்தைச் சட்டம் தாங்கி நிற்றல் ஆகாது என்றது. அது சரியான தீர்ப்பு. அதன்பின் சுதேசி ஒருவன் தன் உழைப்பைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமை பெற்றான். தன் ஊரை விட்டுப் பெயர்ந்து பிழைக்கும் உரிமையும் பெற்றான்.

ஆனால், இராசகாரியம் என்னும் ஒரே பெயரின்கீழ் இரு வேறு பொருள்கள் அடங்கியிருந்தன என்பதை இங்கு கவனித்தல் வேண்டும். ஒன்று, மேலிருப்பவனுக்காகக் கீழிருப்பவன் செய்த வேலை. மற்றொன்று, ஊரார் தமக்காகத் தாமே கூடிச் செய்துகொண்ட வேலை. தெருவுக்குக் கல் சுமந்ததும் ஊழியம். தன் ஊர்க் குளத்தின் கட்டுக்கு மண் சுமந்ததும் ஊழியம். முன்னையது சுமை, பின்னையது வாழ்வு. இரண்டுக்கும் வழக்கமும் தலைமைக்காரரின் அதிகாரமும் பொதுவான தூண்களாய் நின்றன. அத்தூண்களைச் சாய்த்தபொழுது இரண்டும் ஒருங்கே சாய்ந்தன.

இதன் பொருளை அறிதற்கு வறண்ட பிரதேசத்து ஊர்க் குளம் ஒன்றின் இயல்பை அறிதல் வேண்டும். நுவரகலாவியாவிலும் வன்னியிலும் மட்டக்களப்பின் உட்பகுதியிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கிச் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் நிலம் வெடித்துக் கிடக்கும். பெய்த நீரைத் தேக்கி வைத்தாலன்றிப் பெரும்போகமும் நிச்சயமில்லை. சிறுபோகமோ பேச்சுக்கும் இல்லை. ஆகவே, தாழ்வான ஓடை ஒவ்வொன்றையும் மறித்து மண்ணால் ஒரு கட்டு எழுப்பினர் முன்னோர். கட்டின் ஊடாக வயலுக்கு நீர் விடுவது துருசு. மிகுந்த நீர் கட்டை உடைக்காமல் வழிந்தோடுவது வான். துருசின் கீழ் வாய்க்கால். வாய்க்காலின் இருமருங்கும் வயல். இவ்வளவே ஊர், இவ்வளவே ஊரின் செல்வம்.

மண் கட்டு என்பது கற்கோட்டையன்று. மழை அதனைக் கரைக்கும், மாடு அதனை மிதிக்கும், எலி வளை தோண்டும், கறையான் புற்றெடுக்கும், மரம் முளைத்து வேர் பாய்ச்சும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னர்ச் செடி வெட்டி, வளை அடைத்து, தாழ்ந்த இடத்துக்கு மண் போட்டு, வாய்க்காலைத் துப்புரவு செய்தல் வேண்டும். கட்டாக்காலி மாடுகளும் காட்டு விலங்குகளும் புகாவண்ணம் வயலைச் சுற்றி வேலி அடைத்தல் வேண்டும். இவ்வேலைகளை யார் எவ்வளவு செய்வது என்பதற்கு ஊரில் ஓர் அளவு இருந்தது. அதற்குப் பங்கு என்று பெயர். வயலில் ஒருவனுக்கு எத்தனை பங்கோ, கட்டிலும் வேலியிலும் வாய்க்காலிலும் அவனுக்கு அத்தனை பங்கு வேலை. நீர் குறைந்த ஆண்டில், குளத்தை அடுத்த வயற்பகுதியை மட்டும் எல்லாருக்குமாகப் பிரித்து விதைக்கும் வழக்கமும் இருந்தது. சிங்கள ஊர்களில் அதனைப் பெத்ம என்பர். இவ்வாண்டுக்கு மட்டும் என் வயல் உன் வயல் என்னும் பேதம் நீங்கி, உள்ள நீர் உள்ள அளவில் எல்லார்க்கும் பயன்படும்.

இம்முறையில் ஒருவன் தன் பங்கு வேலையைச் செய்யாது விட்டால் என்ன நேரும்? மற்றையோர் நூறு முழம் கட்டைச் செப்பஞ் செய்திருக்கலாம். அவன் விட்டுவைத்த நான்கு முழத்தின் வழியே குளம் உடைந்துவிடும். நாடு முழுவதும் உள்ள குளங்களிற் பல தனித்து நிற்பனவுமல்ல. மேற்குளத்து வான் பாயும் நீர் கீழ்க்குளத்தில் விழும். ஆகவே, மேற்குளம் உடைந்தால், அவ்வெள்ளத்தின் வேகம் அதன்கீழ் உள்ள குளங்களையும் வரிசையாக உடைத்துச் செல்லக் கூடும். ஒருவன் சோம்பலுக்குப் பல ஊர் பட்டினி கிடக்கும். இதனாலேதான் தவறியவனைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் ஊர்ச் சபைக்கும் தலைமைக்காரருக்கும் உடனடியாகச் செல்லுபடியாவதாய் இருந்தது.

1832 க்குப் பின் அந்த அதிகாரத்துக்குச் சட்டத்தின் துணை இல்லாது போயிற்று. கம்சபாவ எனப்பட்ட ஊர்ச் சபை இருந்தவிடத்தில் இருந்தது. ஆயின் அதன் சொல்லுக்கு வலு இல்லை. தன் பங்கு வேலையைச் செய்யேன் என்றவனை இனி வழக்கு மன்றத்துக்கே அழைக்க வேண்டும். மன்றமோ தொலைவில் உள்ளது; அதன் முறைகள் ஊரார் அறியாதவை; செலவும் காலதாமதமும் மிகுதி. வழக்குத் தீர்வதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தாற் கட்டு உடைந்துவிடும். ஒருவன் செய்யாமல் தப்பினான் என்று கண்டால், அடுத்த ஆண்டு இருவர் செய்யார். அதற்கடுத்த ஆண்டு பலர் செய்யார். குளங்கள் ஒரே நாளிற் பாழாகவில்லை. ஆண்டுக்கு ஒரு சிறு குறையாக, எவரும் பேரழிவென்று உணராத வகையிலே பாழாயின.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வறண்ட பிரதேசத்தின் வீழ்ச்சிக்கு 1832 ஆம் ஆண்டுக் கட்டளையே காரணம் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அநுராதபுரம், பொலநறுவை ஆகிய பண்டைத் தலைநகரங்களைச் சூழ்ந்த பெருங்குளங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் படிப்படியாகக் காடாகிவிட்டன. மலேரியா என்னும் கொடுநோய் அப்பிரதேசத்தை நெடுங்காலம் வாட்டியது. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய படைகள் மலைநாட்டிற் சில பகுதிகளின் பயிரையும் உடைமையையும் அழித்தன. எனினும், இவ்வளவுக்கும் தப்பி எஞ்சிய சிறு குளங்களைக் காத்து வந்தது ஊர் வழக்கமே. அவ்வழக்கத்தின் வேரைச் சீர்திருத்தம் அசைத்துவிட்டது என்பதே உண்மை. பிற்காலத்தில் அரசாங்க அதிகாரிகளே இதனை எடுத்துக் காட்டினர்.

மாகாணப் பிரிவினையும் இத்துன்பத்தை மிகுவித்தது. ஐந்து மாகாணங்களாக நாட்டை வகுத்தபொழுது, ஆயிரக்கணக்கான குளங்களைக் கொண்ட நுவரகலாவியா வட மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. அதன் அரசாங்க அதிபர் இருந்தது யாழ்ப்பாணத்தில். அநுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழி. வன்னியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கிணற்று நீரால் தோட்டஞ் செய்யும் குடாநாட்டில் இருந்துகொண்டு, குளத்து நீரால் வயல் செய்யும் பெருநிலப்பரப்பை ஆள்வது எளிதன்று. பழைய கண்டி இராச்சியத்தின் எல்லைகளைக் குலைத்து நாட்டை ஒன்றாக்குதல் சீர்திருத்தவாதிகளின் நோக்கமாயிருந்தது. அந்நோக்கம் நிறைவேறிற்று. ஆயின், குளம் உடைந்த செய்தி கச்சேரியை அடைவதற்குள் பருவம் கடந்துவிடும் என்பதை நோக்கினாரில்லை.

இதே காலத்தில் அரசாங்க சேவையிற் செய்யப்பட்ட மாற்றமும் கருதத்தக்கது. செலவைக் குறைக்கும்பொருட்டு அதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்பட்டது, ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. கணக்கேட்டில் அது இலாபமாகத் தோன்றியது. ஆனால், மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. அதிகாரிகள் தாமும் காணி வாங்கிக் கோப்பி பயிரிடலாயினர். கச்சேரியிற் காலையும் தோட்டத்திற் கருத்தும் வைத்தவர், சிங்களமோ தமிழோ கற்று ஊரார் குறையை ஆராய்வது எங்ஙனம்? பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1845 இல் அம்முறையைத் திருத்த வேண்டியதாயிற்று, ஓய்வூதியம் மீண்டது, அதிகாரிகள் தோட்டஞ் செய்தல் தடுக்கப்பட்டது. சிக்கனம் என்று கருதியது செலவாக முடிந்தது.

ஒழிந்த ஊழியம் வேறு வடிவில் மீண்டதும் உண்டு. 1848 ஆம் ஆண்டுத் தெருக் கட்டளைச் சட்டம், வயது வந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும். அன்றேல் அதற்கு ஈடான பணஞ் செலுத்துதல் வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டிற் புதிதாக விதிக்கப்பட்ட வேறு வரிகளோடு இதுவும் சேர்ந்து மக்களின் சினத்தை மூட்டியது. மாத்தளையிலும் குருணாகலிலும் கிளர்ச்சி எழுந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கட்டாய ஊழியம் அநீதி எனத் தீர்த்த அதே ஆட்சி, தெருவின் பொருட்டு அதனை ஓரளவில் மீட்டெடுத்தது. கோப்பி இறங்கும் தெருவுக்குக் கிடைத்த இச்சலுகை, நெல் விளையும் குளத்துக்குக் கிடைக்கவில்லை. சீர்திருத்தத்தின் பின்னர் அரசாங்கத்தின் கண் எப்பக்கம் நோக்கியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

குளங்களின் குறை கேட்கப்பட்டது தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்திலேயாகும். அவர் 1855 இற் பதவியேற்றார். ஊவாப் பகுதியில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜோன் பெய்லி என்பவர், அங்குள்ள நீர்ப்பாசன வழக்கங்களையும் அவை குலைந்த வகையையும் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வாட் அதனைக் கருத்திற்கொண்டு 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சட்டம் புதிதாக ஒன்றையும் படைத்ததன்று. நெற்செய்கை பற்றிய பழைய வழக்கங்களை ஊரவரே கூடி எடுத்துரைத்து, பெரும்பான்மையோர் இசைவோடு அவற்றை விதிகளாக்கி, மீறியவரைத் தம்முள்ளேயே விசாரிப்பதற்கு அது வழிசெய்தது. வழக்கறிஞர் வாதமும் நெடுநாட் தவணையும் இன்றி, வரம்பிலேயே வழக்குத் தீர்ந்தது. மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் அவர் காலத்தில் திருத்தப்பட்டன. கிழக்கில் வட்டை விதானை எனவும் சிங்கள ஊர்களில் வெல் விதானை எனவும் வழங்கிய நீர்ப்பாசனத் தலைவர், வயலுக்கு நீர் பங்கிடும் பொறுப்பைச் சட்டத்தின் துணையோடு ஏற்றார்.

1871 ஆம் ஆண்டிற் கிராம சமுதாயங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் ஊர்ச் சபைகளுக்கு மேலும் வலுவளித்தது. 1873 இல் தேசாதிபதி கிரெகரி வட மத்திய மாகாணத்தைப் புதிதாக அமைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அநுராதபுரத்திலேயே ஓர் அரசாங்க அதிபர் இருக்கலானார். முதல் அதிபராகிய டிக்சன் காலந்தொட்டு ஊர்க் குளங்களைத் திருத்தும் வேலை ஒழுங்காக நடந்தது. ஊரார் கட்டுக்கு மண் போடுவர். அரசாங்கம் துருசு கொடுக்கும் என்பது உடன்படிக்கை. 1887 இல் கலாவாவி என்னும் பெருங்குளம் மீண்டும் நீர் கொண்டது. ஆயினும், நெல்லின்மீது விதித்த வரி 1892 வரை நீங்கவில்லை. ஒரு கையாற் குளத்தைத் திருத்தி, மறு கையால் அதன் விளைவிற் பங்கு கொண்டது அரசாங்கம்.

ஆகவே, 1832 இல் அறுந்த இழையை 1856 இல் முடிய முயன்றனர். இடையிற் கழிந்தவை இருபத்துநான்கு ஆண்டுகள். கணக்கிற் சிறிய காலமே. ஆனால், கட்டுக்கு மண் போடும் பழக்கத்தைத் தந்தையிடம் கற்க வேண்டிய ஒரு தலைமுறை அதனைக் கல்லாமலே வளர்ந்துவிட்டது. உடைந்த கட்டை அரசாங்கம் பணங் கொடுத்துக் கட்டுவிக்கலாம். குளம் அரசாங்கத்தின் குளம், அதனைப் பேணுதலும் அரசாங்கத்தின் கடமை என்னும் எண்ணம் ஒருமுறை வேரூன்றிவிட்டால், அதனைப் பெயர்த்தெடுப்பது கட்டைக் கட்டுவதினும் கடினம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே வினா வேறு வேறு உருவில் எழுந்தது. 1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. பொறியியல் அறிவும் பெருந்தொகைப் பணமும் குளங்களுக்குக் கிடைத்தன. சுதந்திரத்தின் பின்னர், 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிக்கும் உயர்ந்த நோக்கத்தோடு நிறைவேறியது. அதன்படி வெல் விதானைப் பதவி நீங்கி, கமக்காரராலே தெரிவு செய்யப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைந்தன. பழைய விதானைமாரிற் பலர் நிலவுடைமையாளரின் பக்கம் சாய்ந்தவர் என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மையும் இருந்தது. ஆயின், விதானையின் அநீதியோடு அவருடைய அதிகாரமும் போயிற்று. வாய்க்காலை மறித்தவனைத் தட்டிக் கேட்கப் புதிய குழுவுக்குப் போதிய வலு இருக்கவில்லை. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குழுவினரை அமைச்சர் நியமிக்கும் முறை வந்தது. 1979 இல் கமநல சேவைகள் சட்டம் வந்தது. 2000 ஆம் ஆண்டில் கமநல அபிவிருத்திச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சட்டமும் முன்னையதன் ஏட்டை மூடிவிட்டுப் புதிய ஏட்டைத் திறந்தது. கமக்காரனோ, இவ்வாண்டு எவரிடஞ் சென்று முறையிடுவது என்று வினவும் நிலைக்கு ஆளானான்.

கல்லோயாப் பள்ளத்தாக்கின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். 1949 இல் தொடங்கிய அப்பெருந்திட்டத்தில் பல இடங்களிலிருந்து வந்த குடிகள் அமர்த்தப்பட்டனர். நீரும் நிலமும் வாய்க்காலும் அரசாங்கம் கொடுத்தது. ஊர் வழக்கத்தை அரசாங்கம் கொடுக்க இயலாது. தலைவாய்க்காலில் இருந்தோர் மிகுதியாக நீர் எடுத்தனர்; கடைவாய்க்காலில் இருந்தோர் வறண்டனர். வாய்க்கால்கள் தூர்ந்தன. 1981 தொடக்கம் இடதுகரைப் பகுதியிற் கமக்காரர் குழுக்களை அமைக்கும் முயற்சி நடந்தது. இளைஞர்கள் ஊரில் வந்து தங்கி, ஒவ்வொரு சிறு வாய்க்காலையும் பற்றியுள்ள கமக்காரரைக் கூட்டிப் பேசச் செய்தனர். சட்டம் எதுவும் மாறவில்லை. ஆயினும், கமக்காரர் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பங்கிட்டனர். கடைவாய்க்காலுக்கும் நீர் சென்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எண்ணாமற் களைந்த பொருளை, எண்ணி முயன்று மீண்டும் தேடிக்கொண்டனர் எனலாம்.

1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பிற பகுதிகளும் இவ்வாறே நெடுங்காலம் நின்று பேசின. ஐந்தாயிருந்த மாகாணங்கள் 1889 இல் ஒன்பதாயின. சுதந்திர இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளை ஏற்படுத்தியபொழுதும் அவ்வொன்பது மாகாணங்களே அடிப்படையாயின. நிருவாக வசதிக்காகக் கீறிய கோடு, பின்னர் மக்களின் உரிமைக் கோரிக்கைக்கு எல்லையாயிற்று. முதற் சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவருக்கே இடமிருந்தது. ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் என இனத்தைப் பற்றியே அவர்கள் நியமிக்கப்பட்டனர். 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கும்வரை அம்முறை தொடர்ந்தது. அரசியற் பிரதிநிதி என்பவன் தன் இனத்துக்காகப் பேசுபவன் என்னும் எண்ணம், முறை நீங்கிய பின்னும் நீங்கவில்லை.

இவற்றாற் பெறப்படுவன யாவை? சீர்திருத்தமே வேண்டா என்பதன்று. இராசகாரியம் நின்றிருத்தல் வேண்டும் என்று இன்று கூறுவார் எவருமிலர். சாதி பற்றிய ஊழியத்தால் நசுங்கியவரின் பேரப்பிள்ளைகள் அதனை மறக்கவுமாட்டார். ஆனால், பழைய முறை ஒன்றை நீக்கும்பொழுது, அது என்னென்ன வேலைகளைச் செய்து வந்தது என்று முதலிற் கணக்கெடுத்தல் வேண்டும். தீய முறைக்குள்ளும் நல்ல வேலை சில நடந்திருக்கும். முறையை நீக்குமுன் அவ்வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானித்தல் வேண்டும். கோல்புறூக் ஆணைக்குழு ஊழியத்தின் அநீதியைக் கண்டது. ஊழியத்தால் நின்ற குளக்கட்டைக் காணவில்லை.

அடுத்து, தீர்மானிப்பவருக்கும் அதன் பயனை அனுபவிப்பவருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைத்தல் வேண்டும். இலண்டனிலிருந்து குளம் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துக் கச்சேரியிலிருந்தும் அநுராதபுரத்துக் குளம் தெரியவில்லை. கொழும்பிலுள்ள அலுவலகத்திலிருந்து கல்லோயாவின் கடைவாய்க்காலும் தெரியவில்லை. தூரம் என்பது மைல்கணக்கு மட்டுமன்று. மொழி தெரியாமையும் ஒரு தூரம். பருவம் அறியாமையும் ஒரு தூரம். வாட் தேசாதிபதியின் சட்டம் ஓரளவேனும் பயன் தந்தமைக்குக் காரணம், அது வரம்பில் நிற்பவனின் வாய்ச்சொல்லைச் சட்டமாக ஏற்றமையே.

மேலும், சீர்திருத்தம் ஒன்றைச் செய்தபின் அதனைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் வேண்டும். தவறு நேர்தல் இயல்பு. அத்தவறு எத்தனை ஆண்டிற் கண்டறியப்படுகின்றது என்பதே ஆட்சியின் தரத்தை அளக்கும் கோல். குளங்களின் குறையைக் காண இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. நுவரகலாவியாவுக்கு ஓர் அதிபரை அனுப்ப நாற்பது ஆண்டுகள் சென்றன. அத்துணைக் காலம் பொறுத்திருக்க நெற்பயிராலும் இயலாது. அதனை உண்டு வாழ்பவனாலும் இயலாது.

ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த ஊர்க் குளங்களையும் அவற்றைச் சார்ந்த கமத்தொழிலையும், உலகம் பேண வேண்டிய கமத்தொழில் மரபுகளுள் ஒன்றாக 2017 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இது பெருமைப்படத்தக்க செய்தியே. ஆனால், அம்மரபு பொருட்காட்சிச் சாலையில் வைத்துப் பேணத்தக்கதன்று. ஆவணி, புரட்டாதி மாதங்களில், மழை தொடங்குமுன், மண்வெட்டியோடு குளக்கட்டில் ஏறுபவர் இருந்தாற்றான் அது பிழைக்கும். அவர் தம் பங்கு வேலையைச் செய்து முடித்தபின், அடுத்தவரும் செய்வார் என்று நம்பி வீடு திரும்புதற்கு உரிய நிலையை உண்டாக்குவதே நல்லாட்சியின் கடமை.